பெய்ஜிங் வீதியில் ஒரு விசாரிப்பு

பலெர்மோ
1 ஒக்ரோபர் 2024

ஸ்ரான்லிக்கு,

இந்தக் கடிதம் உமக்கு வியப்பாக இருக்கும். எனக்கும்தான். உமது மின்னஞ்சல் முகவரியை உமது அக்கா செலஸ்ரீனாதான் தந்தாள். தொலைபேசியில் உம்மோடு கதைக்க எனக்கு விருப்பமில்லை. எழுத்தில் என்றால் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தலாம்.

விசயம் யூலியானாவைப் பற்றியது. என் மகள் மூன்று வருசமாகச் சீனாவில், குவாங்சோவில், இத்தாலியக் கம்பனி ஒன்றுக்கு மொழிபெயர்ப்பாளராக இருக்கிறாள் என்பது உமக்குத் தெரியும். இப்போது அங்கே ஒரு சீனப் பொடியனைக் கலியாணம் செய்யப் போகிறாளாம். பெயர் சென் வெய். இதைத் தாய்க்கு எழுதியிருக்கிறாள், எனக்கு எழுதவில்லை. இந்த மாத முடிவுக்குள் நான் சம்மதம் சொன்னால் தை மாதம் இங்கே எங்கள் பங்குக் கோயிலில் தாலி ஏறும். சொல்லாவிட்டால் அங்கேயே பதிவு செய்துவிடுவாள். பிறகு இந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டாளாம். இதற்குப் பெயர் மிரட்டல் என்று நான் சொன்னேன். அன்றிலிருந்து செலஸ்ரீனா என் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுகிறாள்.

யாரென்று தெரியாத வீட்டுக்கு என் பிள்ளையை அனுப்ப நான் ஆயத்தமில்லை. ஊரில் என்றால் இதற்கு ஒரு முறை இருக்கிறது. பெண் வீட்டிலிருந்து ஒருவர் போய், தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல், அக்கம்பக்கத்தில் விசாரித்து வருவார். நீர் கலியாண மண்டப அலங்காரச் சாமான்கள் வாங்க இந்த மாத நடுவில் குவாங்சோ போகிறீர் என்று அக்கா சொன்னாள். விசாரிப்பதில் உமக்கு முன் அனுபவமும் உண்டு.

நகரத்தின் நடுவில் பெய்ஜிங் வீதி என்று ஒன்று இருக்கிறது. வாகனம் போகாத கடைத்தெரு. அதன் தெற்குப் பக்கத்தில் பொடியனின் தகப்பன் தேயிலையும் உலர்ந்த பழமும் விற்கிற கடை வைத்திருக்கிறார். சீன எழுத்தில் முகவரியை இதனோடு இணைத்திருக்கிறேன். செலஸ்ரீனா மகளிடம் நைசாகக் கேட்டு வாங்கியது. எப்படிப்பட்ட குடும்பம், தகப்பன் குடிப்பாரா, பொடியனுக்கு முன்னர் வேறு தொடுப்பு இருந்ததா என்று அறிந்து எழுதும். கடைக்குள் போக வேண்டாம். யூலியானாவுக்குத் தெரியவே கூடாது.

எமிலியானுஸ்


ஈஸ்ற் ஹாம், லண்டன்
4 ஒக்ரோபர் 2024

அன்புள்ள அத்தான்,

கடிதத்தை மூண்டு தரம் வாசிச்சன். முதல் தரம் உங்கட பேரிலை ஆரோ மோசடிக்காரன் அனுப்பினதெண்டு நினைச்சு அழிக்கப் பாத்தன். கிளறாதான், "இவ்வளவு மரியாதையாத் திட்டுறதெண்டால் அது அத்தானாத்தான் இருக்கும்" எண்டவள். கிளறா என்ரை மனிசி. எங்கட கலியாணத்துக்கு நீங்கள் வராதபடியால் அறிமுகம் செய்யிறன்.

ஓம், போறன். யூலியானா எனக்கும் பிள்ளைதான். ஞானஸ்நானத்துக்கு நான்தான் ஞானத்தகப்பனா நிண்டிருக்க வேணும் எண்டு அக்கா விரும்பினவ. நீங்கள் வேறை ஆளைப் பிடிச்சியள். நான் ஒண்டும் சொல்லேல்லை. ஐயா செத்த வீட்டுக்கும் அக்காவைத் தனிய அனுப்பினியள். அதுக்கும் ஒண்டும் சொல்லேல்லை. இருபத்தொன்பது வருசமா ஒண்டும் சொல்லாமல் இருக்கிறதிலையும் எனக்கு அனுபவம் உண்டு.

ஒரு சிக்கல். அந்த வீதிக்கு நான் முந்தி ஒருக்காப் போயிருக்கிறன். ஒரு நாளைக்கு லட்சக்கணக்கிலை சனம் நடக்கிற இடம். ஊரிலை விசாரிக்கிறதெண்டால் சந்திக்கடை இருக்கும், கோயில் இருக்கும், கள்ளுக்கொட்டில் இருக்கும். அங்கை ஆரைப் பிடிச்சு என்னத்தைக் கேக்கிறது? எண்டாலும் பாப்பம்.

அக்காவைச் சாப்பிடச் சொல்லுங்கோ.

ஸ்ரான்லி


குவாங்சோ
18 ஒக்ரோபர் 2024

அன்புள்ள அத்தான்,

வந்து மூண்டு நாள். பகலிலை சாமான் வாங்கிற வர்த்தகக் கண்காட்சி, பின்னேரம் பெய்ஜிங் வீதி. ரெண்டு பின்னேரம் போனன். முதல் நாள் தோல்வி.

நிலக்கீழ் றெயிலாலை ஏறி வெளியிலை வந்தால் மடு மாதா கோயில் திருவிழாச் சனம். ஆனால் ஒருத்தரும் செபம் சொல்லேல்லை. எல்லாரும் ஏதோ தின்னுதுகள். மாட்டுக்குடலை முள்ளங்கியோடை அவிச்சுக் கடதாசிக் கோப்பையிலை குடுக்கினம், அதைக் குச்சியாலை குத்தித் தின்னுகொண்டு நடக்குதுகள். கடை வாசல்லை நிண்டு பிள்ளையள் கை தட்டுதுகள். முதல் எனக்குத்தான் வரவேற்பெண்டு நினைச்சுச் சிரிச்சுப்போட்டன். பிறகு பாத்தால் போற வாற ஆக்களைக் கடைக்கை கூப்பிடுறதுக்கு அப்பிடித் தட்டுறது. ஒவ்வொரு கடையிலும் ஒரு ஒலிபெருக்கி, ஒரே வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லும். அதுக்கு நடுவிலை ஒரு கிழவர் வாளித் தண்ணியிலை பெரிய தூரிகையைத் தோய்ச்சு நிலத்திலை எழுத்து எழுதிறார். எழுதி முடியமுதல் முதல் எழுத்துக் காய்ஞ்சு போகுது. அவர் கவலைப்படேல்லை.

வீதியின்ரை நடுவிலை ஒரு இடத்திலை தடிச்ச கண்ணாடி போட்டிருக்கு. குனிஞ்சு பாத்தால் கீழை பழைய வீதி, அதுக்குக் கீழை அதைவிடப் பழைய வீதி, பதினொரு அடுக்காம். ஆயிரம் வருசமா அதே இடத்திலைதான் சனம் நடந்திருக்கு. நீங்கள் புவியியல் படிப்பிச்சனீங்கள், உங்களை அதிலை விட்டால் அரை நாள் எழும்பியிருக்கமாட்டியள். நான் எழும்பிக் கடையைத் தேடினன்.

கடை பெரிசில்லை. முன்னுக்குக் கண்ணாடிப் போத்தல்களிலை காய்ஞ்ச பழங்கள், உள்ளுக்குத் தேயிலைத் தகரங்கள். அறுபது வயசிருக்கும் ஒருத்தர் சின்னக் கோப்பையளிலை தேத்தண்ணி ஊத்தி வாற ஆக்களுக்குக் குடுக்கிறார். பொடியனைக் காணேல்லை. நான் எதிர்ப்பக்கம் சப்பாத்துப் பாக்கிற மாதிரி ஒரு மணித்தியாலம் நிண்டன். கடைசியிலை அந்தச் சப்பாத்துக் கடைப் பிள்ளை மூண்டு சோடி போட்டுக் காட்டிக் களைச்சுப்போச்சுது.

இண்டைக்கு மூளையைப் பாவிச்சன். பக்கத்துக் கடை ஒரு மூலிகைக் கசாயக் கடை. ஒரு மனிசி பித்தளைப் பானையிலை இருந்து கறுப்புக் கசாயம் ஊத்தி விக்கிறா. இருமலுக்கு ஒண்டு, சூட்டுக்கு ஒண்டு. நான் ஒண்டு வாங்கிக் குடிச்சன். வேப்பெண்ணையைவிடக் கைப்பு. ரெண்டாவதும் வாங்கினன். ரெண்டாவது வாங்கினவனை மனிசிக்குப் பிடிச்சுப்போச்சுது, இருக்கச் சொல்லி ஒரு ஸ்ரூல் தந்தா.

நான் கைபேசியை எடுத்து, தமிழிலை கதைச்சால் சீனத்திலை சொல்லுற அந்த மொழிபெயர்ப்பைத் திறந்தன். எப்பிடிப்பட்ட குடும்பம் எண்டு கேக்கத்தான் வெளிக்கிட்டன். வாய் பழக்கத்திலை, "பக்கத்துக் கடைக்காரர் என்ன ஆக்கள்?" எண்டு கேட்டுப்போட்டுது. கேட்ட பிறகுதான் என்ன கேட்டனெண்டு எனக்கே விளங்கினது. எங்கட ஊரிலை அந்தக் கேள்விக்கு என்ன பதில் எதிர்பாக்கிறது எண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாதியைக் கேக்கிறதுக்கு நாங்கள் வைச்சிருக்கிற மரியாதையான கேள்வி. சீனத்திக்கு என்ன விளங்கப்போகுது எண்டு இருந்தன்.

அத்தான், அவ கேள்விக்காகக் காத்திருந்தவ மாதிரிக் கதிரையை இழுத்துக் கிட்ட வந்தா. குரலைப் பதிச்சா. கைபேசி தமிழிலை சொல்லுது: "அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை."

சாவோசோ எண்ட ஊராம். கிழக்கிலை, கடலோரம். நாப்பது வருசத்துக்கு முதல் தோள்தடியிலை ரெண்டு கூடை தூக்கிக்கொண்டு வந்தவையாம். இண்டைக்கும் வீட்டுக்கை தங்கட பாசைதான் கதைப்பினமாம், இந்த நகரத்துப் பாசை கதைச்சாலும் ஒரு இழுவை இருக்குமாம். தங்களுக்குள்ளைதான் கொள்வினை குடுப்பினை. "கெட்ட ஆட்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் வேறு ஆட்கள்" எண்டா. தகப்பன் குடிக்கிறேல்லை, தேத்தண்ணி மட்டும். பொடியன் கெட்டிக்காரன், கணினி வேலை, ஞாயிறிலை கடையிலை நிப்பான். ஒரு வெளிநாட்டுப் பெட்டை அவனோடை வாறவளாம், கறுத்த தலைமயிர், நல்லாச் சீனம் கதைப்பாளாம், கசாயம் குடிச்சிட்டு முகத்தைச் சுளிக்காத ஒரே வெளிநாட்டுக்காரி அவள்தானாம்.

அது எங்கட பிள்ளை எண்டு சொல்ல வாய் உன்னினது. சொல்லேல்லை.

ஸ்ரான்லி


பலெர்மோ
20 ஒக்ரோபர் 2024

ஸ்ரான்லிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. வீதி வர்ணனை நன்று. ஐந்து வருசம் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பித்தேன். கன்டன் துறைமுகம், முத்து ஆற்றுக் கழிமுகம் என்று கரும்பலகையில் கோடு கீறிக் காட்டினேன். அந்த இடத்தைக் காணவில்லை. காணக் கொடுத்து வைத்தது பிளாஸ்ரிக் பூ வாங்கப் போன உமக்கு. நான் இங்கே லிபெர்த்தா வீதியில் வயதான இத்தாலியச் சின்யோரா ஒருவரைக் குளிப்பாட்டி, அவரது மருந்துக் குளிசைகளை நேரத்துக்குக் கொடுத்து, பதினொரு வருசமாக அவரது பேரப்பிள்ளைகளுக்கு உலக வரைபடம் தெரியாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது கிடக்கட்டும்.

"எப்படிப்பட்ட குடும்பம்" என்று கேட்கச் சொன்னேன். "என்ன ஆக்கள்" என்று நீர் கேட்டீர். வாய்ப் பழக்கம் என்று எழுதுகிறீர். அந்த வாயைப் பற்றி நான் இருபத்தொன்பது வருசமாக எழுத நினைத்ததை இப்போது எழுதுகிறேன்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தை மாதம், செலஸ்ரீனாவை எனக்குக் கேட்டபோது, உமது ஐயா உம்மை இளவாலையிலிருந்து மாதகலுக்குச் சைக்கிளில் அனுப்பினார். உமக்குப் பத்தொன்பது வயது. என்னைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனீர். மாசியில் கலியாணம் நடந்தது. பந்தியில் எனக்கு இரண்டு இருக்கை தள்ளி உமது அந்தோனிமுத்துப் பெரியப்பா இருந்தார். பக்கத்து மனுசனிடம் சொன்னார்: "பொடி போய் விசாரிச்சு, அவை வேற ஆக்கள் எண்டு வந்து சொன்னவன்தானே. தம்பி கேட்டால்தானே." என் காது கேட்கும்படி சொன்னார். அப்போது என் தாயும் சகோதரங்களும் இரண்டாம் பந்திக்காக மதிலோரம் நின்றிருந்தார்கள்.

நான் எழும்பிப் போகவில்லை. சோற்றை முடித்தேன். அன்றிலிருந்து உம்மோடு கதைக்கவில்லை. ஒரே மேய்ப்பன், ஒரே மந்தை என்று ஞாயிறுதோறும் சொல்கிற கோயிலில் கட்டிய கலியாணம் அது.

இப்போது அந்தச் சீன மனிதரையும் "கடலோரம்", "வேறு ஆட்கள்" என்று எழுதுகிறீர். அந்தச் சொற்களை எழுதும்போது உமக்கு ஒன்றும் தோன்றவில்லையா? நாற்பது வருசமாக ஒரு வீதியில் கடை வைத்திருப்பவரைப் பக்கத்துக் கடைக்காரி எங்கள் ஆள் இல்லை என்கிறாள். எனக்கு அந்த மனிதரை முன்னைவிடப் பிடித்திருக்கிறது. ஆனால் பிடித்திருப்பது வேறு, பெண் கொடுப்பது வேறு. பொடியனை நேரில் பார்த்து எழுதும். மாத முடிவுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது.

எமிலியானுஸ்


குவாங்சோ
23 ஒக்ரோபர் 2024

அத்தான்,

நான் "ஆக்கள்" எண்டு சொல்லேல்லை. "ஆள்" எண்டுதான் சொன்னனான்.

அண்டைக்கு மாதகல்லை கரைவலை இழுத்த ஆக்களோடை ரெண்டு மணித்தியாலம் இருந்தன். அவை உங்களைப் பற்றிச் சொன்னது இதுதான். கெட்டிக்காரன், பட்டதாரி, குடி இல்லை, பெம்பிளைப் பிரச்சினை இல்லை. ஆனால் ஏழெட்டு வருசமாத் தகப்பனோடை கதைக்கிறேல்லை. ஒரே வீட்டுக்கை இருந்துகொண்டு. நான் வந்து ஐயாவிட்டை, "நல்லவர்தான், ஆனால் அவர் ஒரு வேற மாதிரி ஆள்" எண்டன். "பெத்த தகப்பனோடை கதைக்காதவர் நாளைக்கு எங்களோடையும் கதைக்காமல் விடலாம்" எண்டும் சொன்னன். அதிலை பிழை விட்டனான் எண்டு இப்ப சொல்லேலுமே?

சாதி எங்களுக்கு முதலே தெரியும், அத்தான். இளவாலைக்கும் மாதகலுக்கும் நடுவிலை எத்தினை கட்டைத் தூரம்? அதை விசாரிக்கச் சைக்கிள் தேவையில்லை. ஐயா அதைத் தெரிஞ்சுகொண்டுதான் ஓமெண்டவர். பெரியப்பாவுக்கு அதிலை கோவம். "ஆள்" எண்டதை "ஆக்கள்" எண்டு மாத்தினது அவர். ரெண்டாம் பந்தி வைச்சதும் அவர்தான். அந்தப் பந்திக்கு நானும் எழும்பி நிண்டு தடுத்திருக்க வேணும். நிக்கேல்லை. அது என்ரை பிழை. மற்றது இல்லை.

சரி, இதை விட்டிட்டு இப்பத்தைய ஆபத்தைக் கேளுங்கோ. நான் பிடிபட்டிட்டன்.

நேற்றுப் பின்னேரம் கசாயக்கடை ஸ்ரூல்லை போய் இருந்தன். மூண்டாம் கோப்பை வாயிலை. ஒரு கை தோளிலை தட்டினது. பாத்தால் பொடியன்ரை தகப்பன். கசாயக்காரி அப்பிடியே பானைக்குப் பின்னாலை மறைஞ்சிட்டா, துரோகி. அவர் என்னைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டுபோய்க் கடைக்கை இருத்தித் தேத்தண்ணி ஊத்தினார். நெருப்பெட்டி அளவு கோப்பை. குடிக்கக் குடிக்க ஊத்தினார். பிறகு கைபேசியிலை ஆருக்கோ எடுத்தார். கால் மணித்தியாலத்திலை சென் வெய்யும் யூலியானாவும் வந்திச்சினம்.

அவள் வாசல்லை நிண்டு என்னை மேலும் கீழும் பாத்தாள். அக்காவின்ரை அதே பார்வை.

"மாமா, அப்பா உங்களோடை கதைக்கிறேல்லையே. பிறகு எப்பிடி உங்களை அனுப்பினவர்?"

"கதைக்கேல்லை. எழுதினவர்" எண்டன்.

அவளுக்குச் சிரிப்பு வந்திட்டுது, அதை அடக்க முகத்தைத் திருப்பினாள். பொடியன் நல்ல பொடியன், அத்தான். கூச்சம். எனக்கு முன்னாலை இருக்காமல் நிண்டவன். தகப்பன் கோப்பையை நீட்டினால் ரெண்டு கையாலையும் வாங்கிறான்.

தகப்பன் கோவிக்கேல்லை. நான் விசாரிச்சதிலை அவருக்குச் சந்தோசமாம். விசாரிக்காமல் பெண்ணை அனுப்பிற வீட்டை அவர் நம்பமாட்டாராம். ஏனெண்டால் அவரும் விசாரிச்சிருக்கிறார். உங்களைப் பற்றி, பலெர்மோவிலை. அவரின்ரை மனிசியின்ரை ஒண்டுவிட்ட தங்கச்சி ஒருத்தி அங்கை மக்கேடா வீதியிலை கைப்பைக் கடை வைச்சிருக்கிறாவாம். இத்தாலியர் அவவை லூச்சியா எண்டு கூப்பிடுவினமாம். யூலியானாவுக்கும் இது நேற்றுத்தான் தெரியும்.

உங்களைப் பற்றி வந்த அறிக்கை நல்லது. உழைப்பாளி, குடி இல்லை, ஒழுக்கம். ஒரேயொரு குறை. "பெண்ணின் தகப்பன் மனைவியின் சகோதரனோடு இருபத்தொன்பது வருசமாகக் கதைப்பதில்லை."

அவை வழியிலை கலியாணப் பந்தியிலை தலைக் கதிரை தாய்மாமனுக்காம். அவர் இருக்காமல் ஒருத்தரும் கோப்பை தூக்கேலாதாம். "தாய்மாமனுக்குக் கதிரை இல்லாத வீட்டில் என் மகன் எங்கே இருப்பான்? நாளைக்கு ஒரு சொல் பிசகினால் அவனோடும் முப்பது வருசம் கதைக்கமாட்டார்களா?" எண்டு கேட்டார். யூலியானாதான் அதை எனக்குத் தமிழிலை சொன்னாள்.

பொடியன் தகப்பனை மீறிக் கட்டுவன் எண்டு சொல்லுறான். யூலியானா மாட்டன் எண்டிட்டாள். ரெண்டு பக்கமும் தகப்பன்மார் கதைக்காத கலியாணம் தனக்கு வேண்டாமாம். ஆக, இப்ப உங்கட சம்மதம் மட்டும் காணாது. பொடியன்ரை தகப்பன்ரையும் வேணும். அது உங்களிலையும் என்னிலையும் நிக்குது.

ஸ்ரான்லி


பலெர்மோ
25 ஒக்ரோபர் 2024

ஸ்ரான்லிக்கு,

உமது கடிதத்தின் முதல் பகுதிக்கு இப்போது பதில் எழுத என்னால் முடியவில்லை. இரண்டாம் பகுதிக்கு எழுதுகிறேன்.

லூச்சியா என்ற அந்தப் பெண்ணின் கடைக்கு நேற்று வேலை முடிந்து போனேன். அல்பெர்கேரியாவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து சின்யோராவிடம் போக நான் தினமும் நடக்கிற வீதிதான் மக்கேடா. கப்பலில் வந்த உல்லாசப் பயணிகளும் மின்சார ஸ்கூட்டர்களும் பொரித்த அரிசி உருண்டை தின்பவர்களும் நிறைந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிடுவேன். அந்தக் கடையை ஆயிரம் தடவை கடந்திருப்பேன், பெயர்ப்பலகையைக்கூட வாசித்ததில்லை.

அவள் என்னைக் கண்டதும் ஆச்சரியப்படவில்லை. கதிரை எடுத்துப் போட்டாள். என்னைவிட நல்ல இத்தாலியன் பேசுகிறாள், அதுவும் பலெர்மோக்காரர் பேசுகிற மாதிரி. எந்த உரிமையில் என்னை உளவு பார்த்தாய் என்று கேட்டேன். தான் உளவு பார்க்கவில்லை, வாசலில் இருக்கிறேன், கண் இருக்கிறது, கேட்டார்கள், பார்த்ததைச் சொன்னேன் என்றாள். என்ன பார்த்தாய் என்றேன்.

காலை எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க வடக்கே போவேனாம். பிந்தியதில்லையாம். ஒருமுறை அவளது கடை இரும்புக் கதவு இறுகியபோது தூக்கிவிட்டு, அவள் நன்றி சொல்லுமுன் போய்விட்டேனாம். எனக்கு அது நினைவில்லை. எவருக்கும் சலாம் சொல்வதில்லையாம். ஞாயிறு கோயிலுக்குப் போகும்போது மனைவி எனக்குப் பத்தடி பின்னால் வருவாளாம். அவள் கடைக் கண்ணாடிகளைப் பார்த்து நிற்பதால்தான் பிந்துகிறாள் என்றேன். "உங்கள் மனைவி அப்படிச் சொல்லவில்லை" என்றாள்.

எங்கள் வீட்டுக் கதை முழுவதும் அவளுக்கு உமது அக்கா வாயால்தான் போயிருக்கிறது. ஏழு வருசமாகச் செலஸ்ரீனா வியாழன்தோறும் அந்தக் கடையில் போய் இருந்து கதைக்கிறாளாம். உம்மைப் பற்றி, கிளறாவைப் பற்றி, உமது பிள்ளைகளின் பரீட்சை முடிவுகளைப் பற்றி. என் வீட்டில் உமது பெயர் சொல்லப்படுவதில்லை. ஆகவே அவள் அதைச் சொல்ல ஒரு சீனப் பெண்ணைத் தேடிக்கொண்டாள்.

நான் ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். வீட்டில் செலஸ்ரீனாவிடம் இதைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும்.

எமிலியானுஸ்


குவாங்சோ
26 ஒக்ரோபர் 2024

அத்தான்,

சுருக்கமா எழுதிறன், சாமான் ஏத்திற நாள்.

சென் வெய்யின்ரை தகப்பனிட்டை நான் பொய் சொல்லலாம். அத்தானும் நானும் ராசியாகிட்டம் எண்டு சொல்லிப் பழைய படம் ஒண்டைக் காட்டலாம். யூலியானா வேண்டாம் எண்டிட்டாள். அவர் லூச்சியாவிட்டைக் கேப்பார், அவ பாத்ததைத்தான் சொல்லுவா.

நான் 30ஆம் திகதி லண்டன் வாறன். அங்கையிருந்து பலெர்மோவுக்கு மூண்டு மணித்தியாலப் பறப்பு. நீங்கள் ஓமெண்டால் வாறன், இல்லையெண்டால் விடுறன். நான் முந்தி ரெண்டு தரம் பலெர்மோவுக்கு வந்தனான், தெரியுமே? ரெண்டு தரமும் அக்காவைப் பலாரோச் சந்தையிலை வைச்சுப் பாத்திட்டு ஹொட்டல்லை நிண்டிட்டுத் திரும்பினனான். கத்தரிக்காய்க் கடைக்கு முன்னாலை நிண்டு அழுதவ. இன்னொருக்கா அப்பிடி வரமாட்டன். வந்தால் வீட்டு வாசலாலைதான் வருவன்.

ஸ்ரான்லி


பலெர்மோ
28 ஒக்ரோபர் 2024

ஸ்ரான்லிக்கு,

யூலியானாவுக்கு இன்று காலை எழுதினேன். என் பக்கத்துச் சம்மதம் என்று ஒரு வரி. மற்றப் பக்கத்துக்கு என்ன செய்வதென்று லூச்சியாவிடமே போய்க் கேட்டேன். அவள் நடைமுறை தெரிந்தவள். சொல் வேண்டாம், கண்ணால் காண வேண்டும் என்றாள். ஞாயிறு பின்னேரம் மக்கேடா வீதியில் நீரும் நானும் சேர்ந்து நடக்க வேண்டும். அவள் தன் வாசலில் இருந்து பார்ப்பாள். படம் எடுப்பாள், ஒளிக்கமாட்டாள். அதைச் சென் குடும்பத்துக்கு அனுப்புவாள். ஒருமுறை கடந்து போனால் தற்செயல் என்பார்கள், மூன்று முறையாவது போய் வரச் சொன்னாள். பெண் பார்க்க நடக்கவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஐம்பத்தாறு வயதில் என்னை நடக்கவிட்டுப் பார்க்கிறார்கள்.

ஆகவே நவம்பர் 3, ஞாயிறு வாரும். காலையில் வந்தால் பூசைக்கும் போகலாம். கிளறாவுக்கும் பயணச்சீட்டு எடும். வீட்டில் தங்கும் என்று செலஸ்ரீனா சொல்லச் சொன்னாள். இல்லை, நான்தான் சொல்கிறேன். யூலியானாவின் அறை இருக்கிறது. நாலு மணிக்கு வெளிக்கிட்டு, நாற்சந்தியிலிருந்து ஒப்பெரா அரங்கு வரை போய்த் திரும்புவோம். மெதுவாக நடக்க வேண்டும். செலஸ்ரீனா நடுவில் வருவாள்.

உமது போன கடிதத்துக்கு முந்தின கடிதத்தின் முதல் பகுதிக்கு இப்போது பதில்.

நீர் "ஆள்" என்று சொன்னதை நம்புகிறேன். அந்தோனிமுத்துப் பெரியப்பாவை நான் நம்பியதற்குக் காரணம், எனக்கு அது வசதியாக இருந்தது. சாதி சொன்னான் என்று ஒருவனோடு கதைக்காமல் விட்டால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. உண்மையைச் சொன்னான் என்று கதைக்காமல் விட்டால் நியாயம் இல்லை.

ஆனால் மாதகலில் உமக்குச் சொன்னதில் ஒரு பிழை உண்டு. நான் தகப்பனோடு கதைக்காமல் விடவில்லை. அவர்தான் என்னோடு கதைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் முதல் வருசம், எனக்கென்று கருவாடு கட்டிக்கொண்டு விடுதி வாசலுக்கு வந்தார். இடுப்பில் கட்டிய சாரத்தோடு, மேலில் சட்டை இல்லாமல். என்னோடு நின்றவர்கள் யாரென்று கேட்டார்கள். ஊரில் தெரிந்த ஆள் என்றேன். அவருக்குக் கேட்டது. கருவாட்டை என் கையில் தந்துவிட்டுப் போனார். அதன்பின் ஒரு சொல் இல்லை. நான் முதலில் கதைக்க வேண்டும் என்று அவர் பார்த்தார். அவர் முதலில் கதைத்தால் நல்லது என்று நான் பார்த்தேன். என் கலியாணத்துக்கு வந்தார். இரண்டாம் பந்திக்கு நின்றவர்களோடு நிற்கவில்லை, கடற்கரைக்குத் திரும்பிப் போய்விட்டார். அடுத்த வருசம் நான் இங்கே வந்தேன். அதற்கு அடுத்த வருசம் அவர் காலமானார்.

இதை நான் செலஸ்ரீனாவுக்கும் சொன்னதில்லை. நீர் சொல்ல வேண்டாம். நான் சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒரு விசயம். லூச்சியா வாயசைவைப் பார்ப்பாள், சும்மா பக்கத்தில் நடந்தால் போதாது. உம்மிடம் சொல்வதற்கென்று இருபத்தொன்பது வருசமாக என்னிடம் ஒரேயொரு வசனம் இருந்தது. அது பிழை என்று தெரிந்துவிட்டது. வேறொன்றும் ஆயத்தமாக இல்லை. முதலில் கதைக்கும் பழக்கம் எனக்கு இல்லை என்பது இப்போது உமக்குத் தெரியும்.

ஆகவே விமான நிலையத்தில் கண்டதும் நீர் தொடங்கும். எதையாவது சொல்லும், பறப்பு பிந்தினது என்றாலும் சரி. நான் பதில் சொல்வேன்.

எமிலியானுஸ்